பன்றிக்கறிக்கு மூன்று கொட்டேஷன்

பர்ச்சேஸ் கிளார்க் வாங்கிப் போட்ட நல்ல பேரிங்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பேரிங் சத்தம் போட்டால் மட்டும் மில் முழுக்க அவன் பெயரைச் சொல்லும். வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போய், அதற்காகப் பேச்சும் சேர்த்து வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு அந்த வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலை ஒட்டிய தெருவில். வெங்காயமே நாள் பார்த்துத்தான் எங்கள் சமையலறைக்குள் வரும். திருமண் இட்ட நெற்றியோடு பஸ்ஸில் வந்து இறங்குவதால் மில்லில் எல்லாருக்கும் நான் ‘சாமி’.

போர்க்

புது மெஷின் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து வெர்னர் என்ற இன்ஜினியர் வந்து மில் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் போனில் கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை தொரை வெளியில அடுப்புப் போட்டு விருந்து வைக்கிறாராம். போர்க் வேணுமாம். நல்லதாப் பாத்து வாங்குங்க.”

நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். பாத்திரக் கடையில் இருந்ததிலேயே கனமான எவர்சில்வர் முள்கரண்டி, ஆறு. வெர்னர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்: “கரண்டி நன்றாக இருக்கிறது. இதில் குத்துவதற்குக் கறி எங்கே?”

எட்டுப் பேருக்கும்

போர்க் என்றால் பன்றிக்கறி என்று மேனேஜர் என் காதோடு சொன்னார். நான் எப்படி சார் என்று இழுத்தேன். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விசாரித்துக் கொட்டேஷன் வைக்க வேண்டும் என்பது மில் சட்டம். “பேரிங்குக்கு விசாரிக்கிற மாதிரியே விசாரிங்க” என்று அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு டிபார்ட்மெண்டாகப் போய் விசாரித்தேன். அந்த மில்லில் பன்றிக்கறி தின்கிறவர் ஒருவர்கூட இல்லை. கார்டிங்கில் ஒருவர் சீச்சீ என்றார். அதே மூச்சில், “ஆனா சந்தைக்குப் பின்னால இருக்கவன்ட்ட மட்டும் வாங்கிராதீய சாமி, தெருவுல மேயிறத அடிப்பான்” என்றார். ஸ்பின்னிங்கில் இன்னொருவர் வாயிலேயே வைத்ததில்லையாம். தோலை வைக்கோலில் சுட்டால்தான் ருசி, வெந்நீர் ஊற்றிச் சிரைத்தால் சப்பென்று போய்விடும் என்று மட்டும் தெரியுமாம்.

ஃபிட்டர் முத்தையா ஒருவர்தான் ஒளிக்காமல் பேசினார். வாராவாரம் வாங்குவதாகவும், அது மூலத்துக்கு மருந்து என்றும் சொன்னார். எவ்வளவு வாங்குவீர்கள் என்றேன். ரெண்டு கிலோ என்றார். மருந்து ரெண்டு கிலோவா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“எங்க வீட்ல எட்டுப் பேருக்கும் மூலம் சாமி.”

ஆளில்லாத கடை

நல்ல கடை எது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் நல்ல கடையில் கூட்டம் இருக்கும், கூட்டத்தில் தெரிந்தவர் இருப்பார். அதனால் ஞாயிறு காலையில் ஈ காக்கை இல்லாத கடையாகப் பார்த்துப் போனேன். அது சந்தைக்குப் பின்னால் இருந்தது. கறி வாங்கிப் பழகிய எவரும், அங்கே ஏன் ஆளில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் யோசித்ததெல்லாம் என் திருமண்ணைப் பற்றித்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, “அஞ்சு கிலோ” என்றேன். கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் ஆயுளில் கிடைத்திருக்க மாட்டார்.

கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் அந்தோணி பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். குளம்பு, காது, மயிர் போகாத தோல், மஞ்சள் பூத்த கொழுப்பு. “இதுல கறியத் தவிர எல்லாம் இருக்கு சாமி” என்றார். வெர்னர் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் டிரம்மை நெடுக்காக அறுத்து, கம்பி வலை போட்டு, கரி மூட்டித் தயாராக இருந்தார். கூப்பிட்டிருந்த பத்துப் பேரும் அன்று சுட்ட உருளைக்கிழங்கைத் தின்றார்கள். திங்கட்கிழமை வெர்னர் மெஷின் பக்கமே வரவில்லை. வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லி அனுப்பினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரே வாக்கியம்தான் சொன்னார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே கதைன்னா, அந்த மெஷின நீங்கதான் பூட்டணும்.”

கூமாப்பட்டியில்

அந்தோணி என்மேல் இரக்கப்பட்டு, கூமாப்பட்டியில் ஒரு பண்ணை இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். பண்ணையை நடத்தியவர் ஞானம் என்ற அம்மாள். புருஷன் பட்டாளத்தில். மலை அடிவாரத்தில் சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை, உள்ளே வெள்ளைப் பன்றிகள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நான் கைக்குட்டையை மூக்குக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தம்மாள் அந்தோணியிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “மூக்கப் பொத்திக்கிட்டு வாரவியளுக்கு நான் கறி குடுக்கிறதில்ல. காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சு கழுவி விட்ட கொட்டகை இது. கைய எடுங்க, பொறவு பேசலாம்.”

பூட்டாத மெஷின் கண்முன் வந்து நின்றது. கையை எடுத்தேன். சொல்லப்போனால் நாற்றமே இல்லை. தவிடும் நனைந்த சிமெண்டும்தான் மணந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா, எப்படிப் பார்த்து வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லச் சொல்ல, பேரிங் அளவு குறிக்கிற நோட்டில் குறித்துக்கொண்டேன். சதை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கறுத்திருந்தால் வேண்டாம். கொழுப்பு வெள்ளையாக, அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். சுட்டுத் தின்ன முன்தொடை. கொழுப்பு ஊடோடியிருந்தால்தான் நெருப்பில் காயாது. தோலில் மயிர்க்கால் தடவிப் பார்க்க வேண்டும்.

“எழுதினா மட்டும் போதுமா? அமுக்கிப் பாருங்க” என்றார். ஆண்டாளை மனதில் நினைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலை நீட்டினேன். கொழுப்பு கெட்டியாக, குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு துண்டையும் அமுக்கினேன். அது கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. இது வேண்டாம், அதைக் கொடுங்கள் என்றேன். ஞானம் அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார்.

“இப்பத்தான் வாங்க வந்த ஆளு மாதிரி இருக்கீய.”

தயிர்சாதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்னர் கறியில் உப்பும் இடித்த மிளகும் பூண்டும் தேய்த்து, அடங்கின கரியில் மூன்று மணி நேரம் பொறுமையாகச் சுட்டார். தோல் அப்பளம் போலப் பொரிந்தது. மருந்து சாப்பிட வந்திருந்த முத்தையா மூன்றாம் தடவை தட்டை நீட்டினார். நான் காற்று அடிக்காத பக்கமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

வெர்னர் கை துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். ஏதோ பெரிய பாராட்டு என்று எழுந்து நின்றேன். என் சாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் தட்டினார்.

“தின்னாத ஆளை அனுப்பி வாங்குவதில் ஒரு சௌகரியம். வழியில் ஒரு துண்டும் குறையாது.”

விலாசம்

அடுத்த மாதம் மெஷின் ஓடியது, வெர்னர் ஊருக்குப் போனார், ஆனால் என் புகழ் போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் வாத்தியார்கள் தேடி வந்தார்கள். கோர்ட் குமாஸ்தா ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்று, பேப்பர் படிக்கிற பாவனையில், “முன்தொடையா, விலாவா?” என்று கேட்டார். நானும் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, “வீட்டுக் குழம்புக்கு விலா” என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான். என் மனைவி வைதேகிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கறியைத் தொட்ட அன்றைக்கு மில்லிலேயே தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நானும் அவளும் வாசலில் நின்றிருந்தோம். சைக்கிளில் வந்த முன்பின் தெரியாத ஒருவர், எதிர்ப் பூக்கடையில் காலை ஊன்றி, தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்.

“அக்கா, இந்தத் தெருவுல பன்னிக்கறி சாமி வீடு எது?”

வீட்டுக்குள்

வந்தவரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். முள்கரண்டியில் தொடங்கி, கூமாப்பட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்ததையும் மறைக்கவில்லை. கடைசியில் வைதேகி, “தொட்டேளா?” என்று மட்டும் கேட்டாள். ஒரே ஒரு விரலால் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சமையலறைக்குள் போய் ஒரு முறத்தோடு வந்தாள். அன்று காலை நான் வாங்கி வந்த கத்தரிக்காய், நறுக்கி வைத்திருந்தாள். பாதிக்கு மேல் புழு.

“பதினஞ்சு வருஷமா சொத்தையாவே வாங்கிண்டு வரேள். அந்த விரலால இதையும் கொஞ்சம் அமுக்கிப் பார்க்கப்படாதோ?”

மொத்தத்தில், நான் வாயில் வைக்காத சாமான் எதுவானாலும் அதை எனக்குப் பார்த்து வாங்கத் தெரியும்.