சுடிதாரில் ஒட்டிய பூ

என் மனைவிக்குச் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. முதல் நாளுக்கென்று எடுத்துவைத்திருந்த நீலச் சுடிதார் டாப், அதற்கு முந்தின நாள் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி, இடுப்புப் பக்கம் காசளவுக்குக் கிழிந்துவிட்டது. தைத்தால் சுருக்கம் தெரியும் என்றாள். கிழிசலோடு போனால் அங்கே என்ன நினைப்பார்களோ என்று அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

கடலூர் முதுநகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பூ பேட்ச் விற்றார்கள். பின்பக்கம் பசை இருக்கும். ஒன்று வீணாகிவிட்டால்? இரண்டாக வாங்கினேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன்; ஆனாலும் வீட்டில் இஸ்திரி என் பொறுப்பு. வழக்கம்போலத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தேய்த்தேன். பூ ஒட்டவில்லை, ஆவிதான் வந்தது.

"என்னா மாமா, இட்லி வெந்துச்சா?" என்றாள்.

ஈரத்தில் பசை பிடிக்காது போல. துணியைக் காயவைத்து, பூவின்மேல் கைக்குட்டை போட்டு, சூட்டைக் கூட்டி அழுத்தினேன். போதுமா போதாதா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினேன். பிறகு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அவள் டாப்பைத் தலைவழியாகப் போட்டாள். பாதியில் நின்றுவிட்டது. கிழிசல் வழியாகப் பசை உள்ளே இறங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன.

"ஏன் மாமா, நான் வேலைக்குப் போவ வேணாம்னா வாயால சொல்லேன். இத தலவாணி ஒற ஆக்கிட்டியே!"

"பஸ்ஸு போயிடப் போவுது" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை எடுத்து, லேசாகச் சூடு காட்டி, பசை இளகியதும் மெல்லப் பிரித்தாள். பின்பக்கம் பசைத்திட்டு பளபளவென்று தெரிந்தது.

"இன்னொரு பூ இருக்குல்ல, குடு."

மறுபடி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சாப்பாட்டுத் தட்டை டாப்புக்குள் கவிழ்த்துவைத்து, திட்டின்மேல் அந்தப் பூவை ஒட்டினாள். முன்னால் ஒரு பூ, பின்னால் ஒரு பூ. பஸ்ஸையும் பிடித்துவிட்டாள்.

மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தேன்.

"பூ விழுந்துடுச்சா?"

"விழல. டிசைன் நல்லாருக்கே, எங்க எடுத்தன்னு கேக்குறாங்க. எங்க ஊட்டுலயே டெய்லர் இருக்காருன்னு சொல்லிட்டேன். நீ மொதல்ல சாப்புடு."

சாயங்காலம் அவள் பையிலிருந்து வேறு யாருடையதோ ஒரு புது டாப் வெளியே வந்தது. கூட வேலை செய்யும் பெண், இதே மாதிரி பூ ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினாளாம்.

"பயப்படாத மாமா, இதுல கிழிசலே இல்ல. சும்மா அழகுக்குத்தான்."

கிழிசல் இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு பூ வாங்கிவந்து, தட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டேன்.