குகதாசன் வாய் திறவாத ஐந்து நிமிடம்

எங்கள் மருமகன் குகதாசன் சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறார். அவர் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் அந்தச் சத்தத்தில் மருதனார்மடம் சந்தையில் மிச்சக்காசுக் கணக்குப் பிழைத்துப்போகும். நம்பாதவர்கள் போய் நின்று பாருங்கள். அந்தக் குரலால் இருபத்திரண்டு வருடம் விளங்கப்படுத்தியும் சுற்றளவையும் பரப்பளவையும் பிள்ளைகள் மாற்றி மாற்றியே எழுதினார்கள். மனிதருக்கு அது பெரிய மனக்குறை.

இந்த வருடம், அவரோடு கணிதம் படிப்பிக்கும் தயாளினி ரீச்சர் ஒரு புது வழக்கம் தொடங்கினார். கணித ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்திருந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் படிப்பிக்க, மற்ற இருவரும் பின்வரிசை வாங்கில் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். முதற்பாடம் குகதாசனுக்கு விழுந்தது.

திட்டம் இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டம்போட்ட தாளும், ஒரு கட்டத்தளவு நீளத்தில் இருபத்துநான்கு ஈர்க்குத் துண்டும் கொடுக்கவேண்டும். ஈர்க்குத்தான் வேலி. அதைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அடைத்தால் உள்ளே காணி. ‘யாருடைய காணி பெரிது?’ என்று கேட்டபின் ஆசிரியர் ஐந்து நிமிடம் வாய் திறக்கக்கூடாது.

“உது சரிவராது ரீச்சர். நான் சொல்லாட்டி அதுகளுக்கு எப்பிடி விளங்கும்?”

“இவ்வளவு நாளும் சொன்னீங்கள்தானே சேர். விளங்கினதோ?”

மூன்றாமவர் ஜெறோம் சும்மா இருக்கவில்லை. “அண்ணை நித்திரையிலையும் ஐஞ்சு நிமிசம் பேசாமல் இருக்கமாட்டார்.”

“ஓம், இருந்து காட்டுறன் பார்!”

வகுப்பில் பிள்ளைகள் வேலி அடைத்ததும் குகதாசன் கேள்வியைக் கேட்டார்.

“எல்லாருக்கும் ஒரே வேலி சேர். காணியும் ஒண்டுதான்!” என்றது வகுப்பு முழுவதும்.

இருபத்திரண்டு வருட விளக்கமும் அவர் தொண்டையில் வந்து முட்டியது. இரண்டாம் நிமிடம் முகம் கத்தரிக்காய் நிறமானது. மூன்றாம் நிமிடம் கையிலிருந்த சோக்கட்டி மாவானது; சேட்டுப் பொத்தான் இரண்டு தெறித்ததாகவும் கேள்வி. வாய் மட்டும் திறக்கவில்லை.

நான்காம் நிமிடம் வினோஜா என்ற பிள்ளை தன் காணிக்குள் கட்டங்களை எண்ணினாள். பக்கத்து ஷரோனின் காணியையும் எண்ணினாள்.

“சேர், பிழை! என்ரையில இருபது கட்டம். இவளின்ரையில முப்பத்தாறு!”

“பொய்யடி!” என்று எல்லோரும் எண்ணத் தொடங்கினார்கள்.

“நீட்டி அடைச்சால் காணி போச்சடா!” என்று ஒருவன் கத்தினான்.

நேரம் முடிந்ததென்று தயாளினி கை காட்டியும் குகதாசன் பேசவில்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லாப் படிப்பிச்சனீங்கள் அண்ணை,” என்றார் ஜெறோம் பிறகு.

“நான் எங்கை படிப்பிச்சன்? வினோஜா எல்லோ கண்டுபிடிச்சவள்!”

இதை வீட்டுக்கு வந்தும் ஒன்பது தரம் சொன்னார். அடுத்த பாடமும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தத் திட்டத்தில் ‘ஐந்து நிமிடம்’ என்றிருந்ததை வெட்டி, ‘பத்து’ என்று எழுதியதும் அவர்தான்.