தையலம்மாவின் தங்கச்சி

ஒண்டிக்கட்டையிடம் போய், "உனக்கு ரொம்ப நெருக்கமானவர் யார்?" என்று கேட்டால் என்ன செய்வாள், பாவம்! தையலம்மா கையில் பேனாவோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் மூளை ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்களாம். கடைசியில், "தங்கச்சி" என்று கை கூசாமல் எழுதினாள். கூடப் பிறந்தது ஒரு பூனைக்குட்டிகூடக் கிடையாது!

அவளுக்கு ஆராய்ச்சி நடக்கும் அந்தப் புதன்கிழமைகள் வேண்டியிருந்தன. கணவர் போய் ஆறு வருடம். மாடி அறையில் தையல் மெஷின் மட்டும்தான் சத்தம் போடும். சட்டை கொண்டு வருகிறவர்கள் பொத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கேயோ, ஸ்கேன் குழாய்க்குள் படுத்ததும் ஆராய்ச்சிக்காரப் பெண் காதில் மாட்டிய கருவி வழியாகக் கேட்டாள்: "சௌகரியமா இருக்கீங்களாம்மா?" தையலம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்முன் ஒரு வார்த்தை வரும். அது தனக்குப் பொருந்துமா, தங்கச்சிக்குப் பொருந்துமா, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பொருந்துமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். 'அழுத்தக்காரி'யா? சந்தேகமென்ன, இவள்தான். தங்கச்சியா? சேச்சே, அவள் வெள்ளை மனசு. சரியான வாயாடி! வாரம் ஏற ஏறத் தங்கச்சிக்குக் கை கால் முளைத்தது. "இந்த நூல் பத்தாதுடி" என்று வீட்டிலும் அவளோடு பேச்சு ஆரம்பித்துவிட்டது.

ஆறாவது புதனன்று அந்தப் பெண் ஸ்கேன் படத்தைக் காட்டினாள்.

"நெத்திக்குப் பின்னாடி இந்த இடம் பாருங்க, உங்களைப் பத்தி நினைச்சா வேலை செய்யுது. தெரியாத ஆளைக் கேட்டா அடங்கிடுது. தங்கச்சியைக் கேட்டா மறுபடியும் அதே இடம்! உசுருக்கு உசுரா இருக்கீங்க, போங்க. இனிமே ரெண்டு பேருமா வந்தாத்தான் ஆராய்ச்சியில இருக்க முடியும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

"அவ வரமாட்டாம்மா."

"ஏன்?"

"எங்களுக்குள்ள இப்ப பேச்சுவார்த்தை இல்ல."

"ஐயோ, சண்டையா? நீங்கதானே பெரியவங்க, கொஞ்சம் இறங்கிப் போய்ப் பேசிப் பாருங்களேன்."

"பேசறேன்" என்றாள்.

மாடி அறைக்கு வந்தாள். தைக்கிற துணியைத் தொடவில்லை. எதிர் நாற்காலியில் கிடந்த சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கோவமாடி?"

அந்த வாயாடி வாயைத் திறக்கவே இல்லை.