நல்லா கீறேன் மேடம்

என் பழைய பட்டன் போன் இன்னும் பீரோவில் இருக்கிறது. பேட்டரி உப்பிப்போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருந்த மேடம் ஞாபகத்துக்கு வருவார்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் தகடு வளைக்கும் பிரஸ் மெஷினில் எனக்கு வேலை. தகடு வைப்பவர் ஓர் அண்ணன். அவர் கையை எடுத்துவிட்டார் என்று நினைத்து ஒருநாள் பட்டனை அமுக்கிவிட்டேன். அவருக்கு இரண்டு விரல் போயிற்று. மெஷின் கோளாறு என்று எழுதினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு பட்டன்மேல் வைத்தாலே இரண்டு கையும் நடுங்கும். கம்பெனி டாக்டர் மேடத்திடம் அனுப்பினார். இரண்டு முறை போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்றிருந்தபோது கொரோனா ஊரடங்கு வந்து, மேடத்தின் அறையைப் பூட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் மேடம் போனில் கூப்பிடுவார். மணவாள நகரில் எங்களுக்கு ஒரே அறை. மனைவியும் இரண்டு பெண்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். "நல்லா கீறேன் மேடம்" என்பேன். போனை வைத்ததும் மனைவி சிரிப்பாள். "இதச் சொல்றதுக்கா சட்ட மாட்டிக்கினு உக்காந்துகினு இருந்த?"

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அடுத்த வாரம் அதே மெஷினுக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கிருந்து தைரியம் வந்ததோ, "டீக்கட தொறந்தாச்சு, கம்பெனி தொறந்தாச்சு, உங்க ரூமு மட்டும் எப்ப மேடம் தொறப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். "ரூம் பூட்டிதாங்க இருக்கு. நாளைக்கு வாங்க, வெளியில உக்காரலாம்" என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். நடுவில் ஆறடி. இருவருக்கும் மாஸ்க். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. மேடத்துக்கு எங்கே கேட்கும்? "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். வண்டி எடுக்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். சத்தம்போட்டுச் சொல்கிற விஷயமா அது? தலையைக் குனிந்துகொண்டேன். சட்டைப்பையில் போன் அடித்தது. நிமிர்ந்தால், எதிரே மேடம் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கும்படி தலையசைத்தார். அந்தப் பக்கம் வந்த வாட்ச்மேன், "எதுர்ல உக்காந்துகினு போனா? நல்லா கீது மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"பட்டன அமுக்கனது நான்தான் மேடம்" என்றேன்.

அவர் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்பதுபோலவே கேட்டார்: "இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இல்ல மேடம்."

அவர் கொடுத்த கடிதத்தால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அண்ணன் வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு அவராகவே கூப்பிட்டார்.

இப்போது அந்த அறை திறந்துதான் இருக்கிறது. மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். பீரோவைத் துடைக்கும்போதெல்லாம், "இந்த ஓட்ட போன இன்னாத்துக்கு வெச்சிகினு கீற?" என்பாள் மனைவி. நான் அதை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பேன்.