பதினெட்டாவது வாக்கியம்

கணினி அறையில் முப்பத்திரண்டு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்செட். திரைகள் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அங்கே படிக்க வருகிறவர்களுக்குத் திரையால் பயனில்லை. எழுத்தைக் கணினி வாசிக்கும், அவர்கள் காதால் கேட்பார்கள். பார்வையற்றோர் பயிற்சி மையத்தின் இந்த அறையைப் எட்டு வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் ‘கிறுக்கு அக்கா’ என்பார்கள். முகத்துக்கு நேராகவே. அவரும் “என்ன வேணும்?” என்று திரும்புவார்.

பெயருக்குக் காரணம் உண்டு. கணினியில் எந்தச் சாதனத்தைச் செருகினாலும் அதனிடம் பேசுவதற்கு ‘டிரைவர்’ என்ற ஒரு நிரல் இருக்கிறது. சாதனங்கள் எல்லாம் விதிப்படி நடந்துகொள்ளும் என்று நம்பி எழுதப்பட்டது அது. ஆனால் சில சாதனங்கள் ஆடத் தெரியாமல் கூடம் கோணல் என்கிற ரகம். இன்ன எண்ணுள்ள சாதனத்துக்கு இன்ன கோணல், அதனிடம் இப்படி நடந்துகொள் என்று வரி வரியாக ஒரு பட்டியல் டிரைவருக்குள்ளேயே உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் கோணலுக்கு ‘குவிர்க்’ என்று பெயர். அக்கா அந்தச் சொல்லை எழுத்தில்தான் பார்த்திருந்தார். முதல் தடவை வகுப்பில் அதை ‘கிறுக்கு’ என்று வாசித்துவிட்டார். யாரோ திருத்தியபோது அசரவில்லை. “ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதானே, விடுங்க” என்றார். அன்றிலிருந்து அது கிறுக்குப் பட்டியல். அவர் கிறுக்கு அக்கா.

அதற்கு முன் பதினோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நிலையத்தை மூடியபோது கையில் மிஞ்சியது கூர்மையான காதும், எழுத்தைச் சொல்லும்போது ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று கூடவே ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்கிற பழக்கமும். கணினிக்கு அவர் வந்தது தம்பிக்காக. தம்பிக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனது. வீட்டுக்கு வாங்கிய முதல் கணினி வாய் திறக்கவில்லை. கடைக்காரர் வேறு வாங்கச் சொன்னார். அக்கா வாங்கவில்லை, மூன்று மாதம் உட்கார்ந்து, ஏன் பேசவில்லை என்று படித்தார். அந்தக் கணினியில் இருந்த இயங்குதளத்தின் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். உலகம் முழுக்கப் போகிற அந்தப் பட்டியலில் அதற்குள் அவர் எழுதிய வரிகள் நான்கு. ஐந்தாவது வரியின் கதைதான் இது.

தம்பி அரசு எழுத்தர் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். இரண்டு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேள்வியை வாசிக்க, தம்பி விடை சொல்ல, அவர் எழுதினார். இரண்டாம் முறை வாசித்தவருக்கு அவசரம். ‘எது சரியல்ல’ என்று கேட்ட கேள்விகளை ‘எது சரி’ என்று வாசித்துக்கொண்டே போனார். ஏழு மதிப்பெண்ணில் வேலை போனது.

“இனிமே அடுத்தவங்க வாயால நான் பரீட்சை எழுத மாட்டேன்” என்றார் தம்பி. “நானே கேக்கணும், நானே தட்டணும். முடியலன்னா வேண்டாம்.”

அவருக்கு வயது இருபத்தொன்பது. இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு முப்பது. அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்துத்தான்.

இந்த முறை மையத்திலேயே, கணினியிலேயே தேர்வு என்று அனுமதி வந்தது. முப்பத்திரண்டு பேர். சனிக்கிழமை தேர்வு. வியாழன் மாலை நான்கு மணிக்குத் தேர்வு அதிகாரி வந்து சோதிப்பார். ஒரு இயந்திரத்தில் சந்தேகம் என்றாலும் எல்லாருக்கும் பழையபடி வாசிப்பவர்கள்தான். அதற்காகவே மையம் புது ஹெட்செட்டுகளை வாங்கியது. திங்கட்கிழமை காலையில் பெட்டி வந்தது. பதினோரு மணிக்குள் முப்பத்திரண்டும் ஊமையாகிவிட்டன.

ஒரு மாதிரி வினாத்தாளை ஓடவிட்டார் அக்கா. கணினி நன்றாகத்தான் வாசிக்க ஆரம்பித்தது. இரண்டாம் பக்கத்தில் பாதியில் சத்தம் நின்றது. பிடுங்கிச் செருகினால் மறுபடி பேசும், மறுபடி நிற்கும். கடைக்குப் போன் போட்டார்.

“பாட்டு போட்டுப் பாத்தீங்களாம்மா?” என்றார் கடைக்காரர்.

“போட்டேன். ரெண்டு மணி நேரமா பாடுது.”

“பாடுதுல்ல. அப்புறம் என்ன பழுது?”

“பேச மாட்டேங்குதே.”

“பாடுறது பேசாதாம்மா?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கேலியாகச் சொன்னதுதான். அக்கா அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டார். பாடுகிறது, பேசவில்லை. பாட்டுக்கும் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? பாட்டு ஒரே மூச்சு. வாசிப்பு வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று நின்று போவது. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் ஹெட்செட் உறங்கும். அடுத்ததற்குக் கணினி அதை எழுப்பும். எழுப்பும்போது காதில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். மற்றவர்களுக்குக் கேட்காது; பதினோரு வருடம் போன் கம்பிகளில் இரைச்சல் கேட்ட காதுக்குக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ‘டிக்’கை எண்ணினார். தாளில் கோடு கோடாகப் போட்டார். முதல் ஹெட்செட் பதினேழு டிக் முடிந்ததும் ஊமை. இரண்டாவதும் பதினேழு. மதியத்துக்கு மேல் தம்பியும் வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்து எண்ணினார். முப்பத்திரண்டுக்கும் பதினேழுதான்.

“எல்லாத்துலயும் வயர் விட்டுப்போச்சா?” என்றார் தம்பி.

“வயர் போனா ஒண்ணு அஞ்சுல போகும், ஒண்ணு அம்பதுல போகும். எல்லாம் சேந்து பதினேழுல போனா அது நோய் இல்ல. குணம்.”

குணம் என்றால் வழி உண்டு. டிரைவர் என்ன பேசுகிறது என்பதைக் கணினி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். அதைத் திறந்தார். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் டிரைவர் இரண்டு காரியம் செய்தது. முதலில், ‘நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் ஒலித்துணுக்கு என்ற வேகத்தில் ஓடு’ என்று சொன்னது. பிறகு, ‘எந்த வேகத்தில் ஓடுகிறாய்?’ என்று திருப்பிக் கேட்டது. சொன்னதை ஹெட்செட் செய்தது. கேட்டதற்குத்தான் பதில் இல்லை. பதினேழு முறை பதில் சொல்ல முயன்று திணறி, பதினெட்டாவது முறை கதவைச் சாத்திக்கொண்டது. பாட்டுக்கு ஒரே ஒரு முறைதான் கேள்வி, அதனால் பிழைத்தது.

அன்று இரவு வீட்டில் சாப்பாட்டின்போது அக்காவின் கணவர், பஸ் டிரைவர், அன்றைக்கு வார விடுப்பு, தட்டை நோக்கிக் குனிந்திருந்தார்.

“உப்பு சரியா இருக்கா?” என்றார் அக்கா.

“ம்.”

“உண்மையாவே சரியா?”

“ம்.”

“இல்ல, கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு...”

பதிலே இல்லை. தம்பி சிரித்தார். “அக்கா, மாமா மூணுலயே நிக்கிறார். ஹெட்செட் எவ்வளவோ தேவல.”

“என்ன, என்னையா பேசுறீங்க?” என்றார் டிரைவர்.

“உங்கள இல்ல மாமா, இன்னொரு டிரைவர.”

கேட்டால்தான் வம்பு. ஆகவே கேட்கக் கூடாது. பட்டியலில் அதற்கு ஒரு வரி போதும்: இந்த எண்ணுள்ள சாதனத்திடம் வேகத்தைச் சொல், திருப்பிக் கேட்காதே. சாதனத்தின் எண் இரண்டு பகுதி, பகுதிக்கு நான்கு எழுத்து. எண்ணும் வரும், ஆங்கில எழுத்தும் வரும். புதன்கிழமை காலையில் வரியை எழுதி, அதையும் சேர்த்து டிரைவர் நிரலை மறுபடி கட்டி, ஒரு கணினியில் போட்டார். கட்டி முடிக்க நாற்பது நிமிடம். வாசிக்க விட்டார். பதினைந்து, பதினாறு, பதினேழு. ஊமை.

மறுபடி கட்டினார். பதினேழு. வேறு கணினியில் போட்டார். பதினேழு. சாயங்காலம் ஆனபோது, கணக்கு தப்பு, காது தப்பு, நானே தப்பு என்ற இடத்துக்கு அக்கா வந்துவிட்டார். தேர்வு அதிகாரிக்குப் போன் செய்ய எண்ணையும் எடுத்து வைத்துவிட்டார்.

வியாழன் காலை ஒன்பதரைக்குத் தம்பி வந்தார். “அந்த வரியைப் படிச்சுக் காட்டு.”

“பாத்துப் பாத்துக் கண்ணே போச்சு. அதுல தப்பு இல்ல.”

“கண்ணு போனவன்தான் கேக்குறேன், படி.”

அக்கா தாளில் எழுதி வைத்திருந்த வரியைப் படித்தார். இரண்டாம் பகுதிக்கு வந்தபோது, “ஏழு, மூணு, டி, ஒண்ணு” என்றார்.

“என்ன டி?”

“டி-தான்.”

“டி ஃபார் என்ன? எக்ஸ்சேஞ்சுப் பழக்கம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? எழுத்த தனியா விடாதே, கூட ஒரு வார்த்தையை அனுப்புன்னு. டி ஃபார் டாக்டரா, பி ஃபார் பஸ்ஸா?”

இந்த அறையில் திரையை அணைத்துவிட்டுக் காதால் வேலை செய்வது அக்காவுக்கும் பழகிப்போயிருந்தது. சாதனத்தின் எண்ணையும் அவர் பார்க்கவில்லை; கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். காதில் மாட்டியிருந்தது அதே பழுதான ஹெட்செட். அதில் ‘பி’யும் ‘டி’யும் ஒரே மாதிரி மங்கலாகக் கேட்கும். தன் பேரையே தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஆசாமி.

திரையைப் போட்டார். ஏழு, மூன்று, பி, ஒன்று.

“பி ஃபார் பஸ்” என்றார்.

“மாமாவோட பஸ்ஸா?”

“வாய மூடு. நாப்பது நிமிஷம் ஆகும்.”

பத்தே முக்காலுக்கு முதல் கணினி வாசிக்கத் தொடங்கியது. பதினேழாவது டிக் கேட்டது. தம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டாவது வாக்கியம் ஒரு கூட்டல் கணக்கு: ஒரு பெட்டியில் நாற்பது மாம்பழங்கள். அவ்வளவு அழகான மாம்பழங்களை அக்கா கேட்டதில்லை. நூறு வாக்கியம் ஓடவிட்டார், இருநூறு ஓடவிட்டார். பிறகு மேஜை மேஜையாகப் போய் முப்பத்தொரு கணினியிலும் அதே டிரைவரைப் போட்டார். மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குக் கடைசி மேஜை.

தேர்வு அதிகாரி நிதானமான மனிதர். எந்த மேஜை என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஆறு மேஜைகளில் மாறி மாறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார்.

“திங்கக்கெழம எல்லாம் நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேனேம்மா. ஹெட்செட்டை மாத்திட்டீங்களா?”

“இல்ல சார். அதேதான்.”

“பின்ன என்ன செஞ்சீங்க?”

“அதுகிட்டக் கேள்வி கேக்குறத நிறுத்திட்டேன் சார்.”

அவர் பேனாவை எடுத்தார். “எங்க ஆபீஸ்லயும் சில பேருக்கு இது வேலை செய்யும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை தேர்வு அறைக்குள் அக்காவுக்கு அனுமதியில்லை; எழுதுகிறவர்களில் ஒருவர் தம்பி. தாழ்வாரத்தில் நின்றார். முதல் பக்கம் முழுக்க அறிவுரைகள், இருபத்திரண்டு வாக்கியம். அதுவரை யாரும் எதையும் தட்டத் தேவையில்லை. கீபோர்டுச் சத்தம் கேட்டால்தான் பதினெட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று பொருள். மணி பத்து. பத்து ஒன்று. பத்து இரண்டு. அக்கா கதவுப் பக்கம் காதை வைத்திருந்தார். உள்ளே ஒரு விசை தட்டப்பட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி முப்பத்திரண்டு கீபோர்டுகளும் சடசடவென்று பிடித்துக்கொண்டன. மூன்று மணி நேரமும் அந்த மழை விடவில்லை.

தம்பி வெளியே வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“‘எது சரியல்ல’ன்னு ஆறு கேள்வி இருந்துச்சு. ஆறையும் ரெண்டு ரெண்டு தடவ கேட்டேன்.”

“எதுக்கு ரெண்டு தடவ? ஒரு தடவயிலயே தெரியலையா?”

“தெரிஞ்சுது. ஆசைக்குக் கேட்டேன்.”

பட்டியலைப் பராமரிக்கிறவர் எங்கோ தூர தேசத்தில் இருக்கிறார். அக்கா அனுப்பிய வரிக்கு அவர் அனுப்பிய பதில் இரண்டே வரி. இதே எண்ணில் வேறு நல்ல சாதனம் எதுவும் பாதிக்கப்படாதா என்று ஒரு வரி. எண்ணைச் சரிபார்த்தீர்களா என்று ஒரு வரி. முதலாவதற்கு அக்கா அரைப் பக்கம் பதில் எழுதினார். இரண்டாவதற்கு, ‘பார்த்தேன், இந்த முறை கண்ணால்’ என்று மட்டும் எழுதினார். அடுத்த பதிப்பில் வரி சேர்ந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: ‘எனக்கும் பதினேழுதான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நன்றி.’

தேர்வு முடிவில் தம்பி மூன்றாம் இடம். இப்போது பெரிய மருத்துவமனையின் விசாரணைப் பிரிவில் எழுத்தர். நாள் முழுக்க ஜனங்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எந்த மாடி, எந்த அறை, டாக்டர் எப்போது வருவார். ஒரு நாளைக்கு முந்நூறு கேள்வியாவது வரும் என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டார்.

“பதினேழோட நிறுத்திக்கோயேன்” என்றார் அக்கா.

“நான் நல்ல கம்பெனி சரக்குக்கா” என்றார் தம்பி.