வாளிக்குள் சிரித்தவர்கள்

மாமியின் கச்சான் காணியை இரவில் காவல் காத்தது ஒரு றேடியோ. கம்பஸில் இதைச் சொன்னபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் அது சிரிக்கிற விடயமே இல்லை. காட்டை ஒட்டிய காணிகளில் மண்ணுக்குள் கச்சான் கடலை முற்றத் தொடங்கினால் பன்றி இறங்கிவிடும். ஓர் இரவு போதும், உழுத காணி மாதிரிக் கிடக்கும். ஆள் குரல் கேட்டால் மட்டும் கிட்ட வராது. ஆனால், பகல் முழுக்கக் குனிந்து புல்லுப் பிடுங்கியவர் இரவு முழுக்க இருந்து கதைக்க முடியுமா? அதனால் றேடியோவைக் கதைக்க விட்டுவிட்டுப் படுப்பார்கள். செய்தி, பாட்டு, மரண அறிவித்தல், சவர்க்கார விளம்பரம் என்று அது விடியும்வரை கதைக்கும். பன்றிக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது; அங்கே ஆள் இருக்கிறது என்பது மட்டும் விளங்கும்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. அவ றேடியோவை ஒரு தகர வாளிக்குள் வைத்து, வாளியின் வாயைக் காட்டுப் பக்கம் திருப்பிக் காவல் கொட்டிலில் சரித்து வைத்திருப்பா. வாளிக்குள்ளால் வருகிற குரல் தடித்து, ஆழக் கிணற்றுக்குள் நின்று யாரோ கதைப்பது போல இருக்கும். பெண் அறிவிப்பாளர்கூட அதற்குள்ளால் ஆணைப் போலத்தான் கேட்பார்.

அந்த றேடியோ எங்கள் வீட்டினுடையது. எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதை அப்பா மாமிக்குக் கொடுத்தது பாசத்தில் மட்டுமல்ல, ஒரு நிபந்தனையோடும்தான். யுத்தத்தின் கடைசி நேரத்தில் சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போன மாமா திரும்பி வரவில்லை. மீளக் குடியேறிய பிறகு மாமி தனியே தன்னுடைய பழைய காணியில் போய் இருந்தா. வந்தால் அவர் அந்தப் படலைக்குத்தான் வருவார், வேறு விலாசம் அவருக்குத் தெரியாது என்பது அவவின் கதை. காட்டோரத்தில் ஒரு பெண் தனியே இருப்பது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இந்தப் போகமும் பன்றி திண்டுதெண்டா வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோட வந்திட வேணும்," என்று சொல்லிவிட்டார்.

"திண்டால்தானே," என்றா மாமி.

அந்தக் கச்சான் பிழைத்தால் மாமி அங்கே இருக்கலாம். பிழைக்காவிட்டால் படலையில் பூட்டு.

விடியற்காலையில் மாமிக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோவது என்னுடைய வேலை. உண்மையில் நான் தேத்தண்ணிக்காகப் போகவில்லை. அந்த நேரம் றேடியோவில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி போகும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புருசன் பெண்சாதி மாதிரி வீட்டு விடயங்களைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். குடையைத் தொலைத்தது, கறிக்கு உப்புக் கூடியது, மாமியார் வந்தது என்று எல்லா வீட்டிலும் நடக்கிறவைதான். உள்ளே போனால் மாமி புல்லுப் பிடுங்க விட்டுவிடுவா என்பதால், நான் வேலிக்கு வெளியே விழுந்து கிடந்த பாலை மரத்தில் இருந்து நிகழ்ச்சி முடியும்வரை கேட்பேன். தைமாதப் பனியில் கொட்டில்கூடத் தெரியாது. வெள்ளையாகக் கிடக்கிற வெளிக்குள்ளிருந்து இரண்டு பேர் சீனிக்கும் தேத்தண்ணிக்கும் சண்டை பிடிப்பார்கள். பிறகு பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து, வீட்டில் அதை அப்படியே இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்க்கப் போகிற முதல் ஆள் நான் என்பதால், நான் எதை ஒப்புவித்தாலும் அம்மாவுக்கு அது படிப்புத்தான்.

ஒரு நாள் நான் பிளாஸ்கை நீட்டியபோது மாமி றேடியோவை என் கையில் தந்தா. "கொப்பரிட்டக் குடு. கதைக்குதில்லை. அவசரமில்லை எண்டு சொல்லு," என்றா. சற்று முன்னர்வரை கதைத்ததுதானே, இப்போதுதான் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் வழக்கம்போல அன்றையப் பகிடியைத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, கோழிக்கூட்டுக்குக் கதவு போடச் சொன்னா, உள்ளுக்கு நிண்டோ ஆணி அடிக்கிறது? இனி எப்பிடி வெளியில வாறது?"

"கோழிக்குக் காவல் வேணுமெண்டு நீர்தானே சொன்னனீர்."

"அப்ப இரவுச் சாப்பாடு?"

"முட்டை இட்டால் அனுப்பிவிடுறன்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உதை எங்கையடா கேட்டனீ?"

"றேடியோவில."

"அந்த ஆணியைப் பிடுங்கி அத்தானை வெளியில எடுத்தது நான்," என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. "உன்னைக் கட்டிறதுக்கு முதல். வெட்கத்தில அந்தாள் ஒருத்தருக்கும் சொல்ல விடேல்லை."

அப்பா அத்தான் என்றது மாமாவை. அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா றேடியோவின் பின்மூடியைக் கழற்றினார். பற்றரி கசிந்து, வெள்ளைத் தூள் பூத்து, கம்பிச் சுருள் துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்பீக்கருக்குள் எறும்பு முட்டையிட்டிருந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"இது வாய் திறந்து ஒரு கிழமைக்கு மேல இருக்குமடா. அப்ப நீ இவ்வளவு நாளும் கொண்டுவந்த பகிடியெல்லாம் ஆர் விட்டது?"

அம்மாதான் மெதுவாகக் கேட்டா. "ஆம்பிளைக் குரலும் கேட்டதோ?"

"ஓம். புருசன்காரன்ர குரல். முந்தியைவிட இப்பத்தான் அவர் நல்லாப் பகிடி விடுறார்."

அம்மா எழும்பிப் போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினா. அப்பாவுக்குக் கோபம் வந்தது. "சும்மா பெடியனைப் பயப்பிடுத்தாதை. றேடியோ செத்துப்போச்சு. குரல் நிண்டால் பன்றி வந்திடுமெண்டு அக்கா தானே ரெண்டு பேராக் கதைச்சிருக்கிறா. வாளிக்குள்ள வாயை வைச்சாச் சின்னப்பிள்ளையும் ஆம்பிளை மாதிரித்தான் கதைக்கும்." அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது, மாமியின் கெட்டித்தனத்தை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது. ஆனால், அப்பா அதைக் கெட்டித்தனம் என்று எடுக்கவில்லை. "தனிய விட்டது பிழை. நாளைக்கு விடியக் கூட்டிக்கொண்டு வாறன். கச்சான் கிடந்தாக் கிடக்கட்டும்," என்றார். அம்மா அன்று பின்னேரமே மாமிக்கென்று சின்ன அறையைக் கூட்டிப் பாயையும் தட்டிப் போட்டுவிட்டா.

அடுத்த நாள் நான் பிளாஸ்கோடு முன்னுக்குப் போனேன். அப்பா ஒரு பூட்டோடு பின்னுக்கு வந்தார். பனி முந்திய நாளைவிடக் கூடுதலாக இருந்தது. வேலியடிக்கு வந்தபோதே கதை தொடங்கியிருந்தது. அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பனி விலகிய ஒரு கணத்தில் கொட்டில் தெரிந்தது. மாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காட்டைப் பார்த்து, வாளிக்குப் பக்கத்தில் இருந்தா. அப்பா சொன்னது சரிதான். அங்கே வேறு ஒருவரும் இல்லை. பிறகு பனி மூடிவிட்டது.

"இஞ்சாருங்கோ, பன்றி வந்தா என்ன சொல்லித் துரத்துவீங்கள்?"

"நீர் வைச்ச கறி மிச்சம் கிடக்கு, இருந்து சாப்பிட்டுப் போ எண்டு சொல்லுவன். பிறகு உந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குக் காலையில் இருமல் வரும். அதைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு, கண் கலங்க நின்றார். காட்டுப் பக்கம் ஏதோ ஒன்று சருகை மிதித்து நடந்து, நின்று, திரும்பிப் போனது. பிறகு அந்தத் தடித்த குரல், பகிடி விடாத சாதாரணக் குரலில் சொன்னது.

"இஞ்சாரும், வேலியடியில ஆரோ நிக்கினம்."

"ஆர்?"

"உம்மட தம்பி. இருமலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், பாவம்."

அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியின் சிரிப்பு மெல்லியது, இடையிடையே விக்கும். மற்றது அடிவயிற்றிலிருந்து ஆறுதலாகக் கிளம்பி உருண்டு வருகிற சிரிப்பு. ஒன்று முடிவதற்குள் மற்றது தொடங்கி, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பனிக்குள் கனநேரம் கேட்டன. மாமி எப்படியோ அப்பாவைக் கண்டுவிட்டா என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா உள்ளே போகவில்லை. பிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கி வேலிக் கதிகாலில் கொளுவிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினார். வீட்டில் அம்மா வாசலில் நின்றா.

"எங்கை மச்சாள்?"

"கச்சான் பிடுங்கட்டும்."

"பூட்டிக்கொண்டு வாறன் எண்டெல்லோ போனனீங்கள்? அவாவைத் தனிய விட்டிட்டு..."

"தனிய இல்லை," என்றார் அப்பா. பூட்டை அலுமாரிக்கு மேலே எறிந்தார். "இனி அந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம்."

அந்தப் போகம் பக்கத்துக் காணிகள் இரண்டிலும் பன்றி இறங்கியது. மாமியின் காணியில் ஒரு செடியும் சரியவில்லை. அவ அவித்த கச்சானை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தந்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, அம்மாவோடு சிரித்துக் கதைத்துவிட்டுத் தன்னுடைய படலைக்குத் திரும்பிப் போனா. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறா. அப்பா ஒவ்வொரு போகமும் கேட்காமலே போய் அந்தக் காணியை உழுது கொடுக்கிறார். ஆனால், பொழுதுபடுவதற்கு முன் வந்துவிடுவார்.

நானும் அந்தக் காலையை ஒரு பகிடிக் கதையாகத்தான் நெடுங்காலம் சொல்லித் திரிந்தேன். போன வருடம் கம்பஸில் ஒலிப்பதிவுப் பயிற்சிக்காக, காலை நிகழ்ச்சி மாதிரி ஒரு புருசன் பெண்சாதிச் சண்டை எழுதினேன். இரண்டு குரலையும் நானே பேசினேன். மாமியின் மருமகன் அல்லவா, குரல் மாற்றுவது சுகமாகவே வந்தது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற இடத்தில் மட்டும் தடக்கிவிட்டேன். திரும்பத் திரும்ப முயன்றேன். ஒலிப்பதிவு செய்கிற அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார்.

"தம்பி, மாறி மாறிக் கதைக்கலாம். ஒரு தொண்டையால ரெண்டு பேர் ஒரே நேரத்தில சிரிக்க ஏலாது. ஒண்டை முதல் சிரிச்சு வையும், மற்றதைப் பிறகு அதுக்கு மேல போடுவம்."

நான் சிரிக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, அந்தப் பனிக்காலையில் வேலியடியில் கேட்ட சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டு, இரண்டும் ஒன்றாக என்றேன். அப்பா இருமினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப உனக்கும் கேட்டதோடா?"