பூமுடியா, மொட்டையா?

என் மாமாவைப் போலப் பெண்களை முன்னுக்குக் கொண்டுவரத் துடித்த ஆள் திருத்தணியில் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம், சந்தன வில்லை விற்கும் கடை அவருடையது. கடைக்கு வருகிறவர்கள் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் அவர்களிடம் சொல்ல அவருக்கு ஒரே செய்திதான் இருந்தது. தன் தங்கை ரயில் இன்ஜின் ஓட்டப் போகிறாள்.

அந்தத் தங்கை என் சித்தி. அம்மாவுக்கு இளையவள். அப்பாவுக்கு ஊர் ஊராகப் போகும் வேலை என்பதால் அம்மாவும் நானும் மாமா வீட்டில்தான் இருந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். பிள்ளைகள் மூவரும் அவரை நைனா என்றுதான் சொல்வார்கள். நைனாவுக்குப் பிறகு அந்த வீட்டில் எது நடப்பதானாலும் மாமாவின் வாயிலிருந்து ஒரு 'ஆங்' வந்தாக வேண்டும்.

மாமா சித்திக்குச் செய்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண் என்று தெரிந்தும் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர்த்தார். மழைக்காலங்களில் தன் மொபெட்டிலேயே அரக்கோணம் வரை கொண்டுபோய் விட்டார். வீட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பழகச் சொன்னார். அதன் விளைவாக நாங்கள் ஒரு மாலை முழுக்க விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தபோதும் திட்டவில்லை. ரயில்வே தேர்வுக்கான புத்தகங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். "பொம்பளைன்னா சோறாக்கிகினேதான் இருக்கணுமா?" என்று தெருவில் நின்று கேட்டார். தெரு தலையாட்டியது. அத்தை மட்டும் உள்ளேயிருந்து, "அப்ப இன்னிக்கி நீங்க ஆக்குங்க" என்றாள். அது அவர் காதில் விழவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் எல்லோருமாக மலையேறினோம். கொடிமரத்தின் முன்னால் மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சந்நிதிக்குக் கேட்கட்டும் என்பதைப் போல உரக்க வேண்டிக்கொண்டார்.

"முருகா, என் தங்கச்சிக்கு இந்த வேலை கிடைச்சிட்டா அவளுக்கு மொட்டை அடிச்சி சந்தனம் பூசறேன்!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தியின் பின்னல் இடுப்பைத் தாண்டி இறங்கும்.

"இன்னாண்ணா, யாரக் கேட்டு என் முடியக் குடுத்த? ஒன் முடியக் குடேன்."

"எங்கிட்ட இன்னா கீது குடுக்க?" என்று மாமா தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "இன்ஜின்ல உக்காந்துகினு போறவளுக்கு முடி எதுக்கு? அங்க யாரு பாக்கப் போறா?"

சித்தியும் சிரித்துவிட்டாள். எங்கள் ஊரில் இது சாதாரணம். பிள்ளைக்காகத் தாய் வேண்டிக்கொள்வாள், தங்கைக்காக அண்ணன் வேண்டிக்கொள்வான். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்கும் வழக்கம் இல்லை.

சித்தி தேர்வில் தேறினாள். பிறகு கண் பரிசோதனை, உடல் பரிசோதனை, எல்லாவற்றிலும் தேறினாள். பயிற்சியில் வந்து சேரும்படி உத்தரவு வந்தது. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமா கல்கண்டு கொடுத்தார். ஆனால் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் எதுவும் பேசவில்லை. மாமா பேசாமல் சாப்பிட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரமே ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. விசைத்தறிகள் வைத்திருந்தவர்கள். வேலையைப் பற்றி அவர்கள் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு நல்ல முடி என்று மட்டும் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா தான் கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தைச் சித்தியின் பின்னலில் வைத்துவிட்டுப் போனாள். பூ வைத்துவிட்டால் பெண் பிடித்திருக்கிறது என்று பொருள்.

அவர்கள் போனதும் மாமா கணக்கைச் சொன்னார்.

"சாமி கடன வெச்சிகினு இன்ஜின் மேல ஏறக் கூடாது. எத்தினி உசுரு அதுல! சரி, மொட்டை போட்டா இந்த சம்பந்தம் போயிடும். வேலைய வாணாம்னு சொல்லிட்டா வேண்டுதலே கிடையாது. நீயே ரோசனை பண்ணிக்கோ."

நான் இப்போது லிஃப்ட் நிறுவும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது, லிஃப்ட் நகர்ந்தால் கதவு திறக்காது. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பூட்டும் அந்த ஏற்பாட்டைக் கல்லூரியில் படித்தபோது எங்கேயோ பார்த்தது போலிருந்தது.

சித்தி வெகுநேரம் யோசிக்கவில்லை. "அப்ப மொட்டையே போட்டுக்கறேன்" என்றாள்.

"கல்யாணம்?"

"முடி திரும்ப வளராதா?"

மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சித்தி படியேறினாள். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லவில்லை. அவள் தலையில் அந்த மல்லிகைச் சரம் இன்னும் இருந்தது, ஓரங்கள் பழுப்பாகி.

முடியிறக்கும் மண்டபத்தில் தரையெல்லாம் தண்ணீரும் முடியும். குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. புது மொட்டைகளில் சந்தனம் மணத்தது. எங்கள் முறை வந்து சித்தி பலகையில் உட்காரவும், மாமாவும் அம்மாவும் மூச்சிரைக்க உள்ளே வரவும் சரியாக இருந்தது. யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

முடியிறக்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கையில் கத்தரியும் மறு கையில் சவரக்கத்தியுமாக அவர் கேட்டார்: "பூமுடியாம்மா, மொட்டையா?"

 சித்தி கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மாமாவை. மறுபடியும் அம்மாவை. அம்மா தன் ஈரமான பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி ஆளுங்க நிக்கறாங்கம்மா. சொல்லு, பூமுடியா மொட்டையா?"

 எனக்கு அந்தச் சொல்லில் பூ மட்டும்தான் புரிந்தது. தலையில் இருக்கும் பூவை எடுக்கச் சொல்கிறார், இவர்களுக்கு அது கேட்கவில்லை என்று நினைத்தேன். சித்தியின் பின்னலிலிருந்து மல்லிகைச் சரத்தை உருவி, "எடுத்துட்டேன்" என்று அவரிடம் நீட்டினேன்.

சித்தி சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அதற்குள் மாமா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூவ எடுத்துட்டாளே! நைனா சாவும்போது ஒன் கையப் புடிச்சி என் கையில குடுத்தாரு. ஒன்ன படிக்க வெச்சேன். ஊரே சிரிச்சாலும் வெச்சேன். அதுக்கு எனக்கு இதான் குடுக்கறியா நீ?"

அவ்வளவு பெரிய உருவம் குலுங்கி அழுததை மண்டபமே பார்த்தது. புதிதாக மொட்டை போட்ட குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "அண்ணன அழ வெச்சிட்டு அப்பிடி இன்னாம்மா வேலை?" என்றாள். அம்மா குனிந்து என் கையிலிருந்த சரத்தை வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த யாருடைய முடியையோ உதறிவிட்டு, சித்தியின் பின்னலில் திரும்பச் செருகினாள்.

சித்தி எழுந்துகொண்டாள்.

இறங்கி வரும்போது என் மனதில் மூன்று விஷயங்கள் இருந்தன. மாமாவுக்குச் சித்தி மேல் எவ்வளவு பாசம். பூவை எடுத்ததற்காக என்னை யாரும் அடிக்கவில்லை. மலை மேல் விற்ற வெள்ளரிப்பிஞ்சை யாரும் வாங்கித் தரவில்லை.

சித்தி ஆர்.கே.பேட்டைக்குப் போனாள். அங்கே தறி மோட்டார் நின்றுவிட்டால் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சரிசெய்த பிறகு, சாப்பாடு ஏன் ஆகவில்லை என்றும் கேட்கிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் லிஃப்டைப் பற்றித்தான் விசாரிப்பாள். "மோட்டாரு மேல இருக்குதா, கீழயா? கரண்டு போச்சின்னா பிரேக்கு தானா புடிச்சிக்குமா?" பதிலைக் கேட்டுவிட்டுப் பேச்சைக் குழந்தைகளின் பக்கம் திருப்பிவிடுவாள்.

மாமா மாறவில்லை. மகளிர் தினத்தன்று உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெல்மெட் போட்ட என் படத்தைச் செல்போனில் தூக்கிக் காட்டி, பெண்கள் எந்த வேலைக்கும் போகலாம் என்றாராம். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ரயில் ஓட்டப் போகிற தங்கையை அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. ரயில் ஓட்டுகிற தங்கையைத்தான் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்ததும் அம்மா ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சொல்லி மலைக்கு அழைத்துப் போனாள். அதே மண்டபம், வேறு ஆள், அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பூமுடிதாங்க" என்றாள். அவர் என் கூந்தலின் நுனியைப் பிடித்து மூன்று முறை கத்தரித்தார். அவ்வளவுதான். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது முடி போனதாகவே தெரியவில்லை. முருகனுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஒனக்கு முதல் மொட்டை போட்ட அன்னிக்கி நானும் இதான் குடுத்தேன்" என்று அம்மா இயல்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவள் குரல் தேய்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி எனக்கு முன்னால் வேகமாக இறங்கத் தொடங்கினாள். 

மொட்டைக்குப் பதில் மூன்று கத்தரிப்பு போதும். வேண்டுதல் தீர்ந்திருக்கும், பின்னல் அப்படியே இருந்திருக்கும், பூவும் அதில் இருந்திருக்கும், சித்தி ரயிலும் ஏறியிருப்பாள். வேண்டிக்கொண்டவர் மாமா என்பதால் அவர் ஒரு 'ஆங்' சொல்ல வேண்டியிருந்தது. அவர் வீட்டில் பிள்ளையோடு இருந்ததால் அம்மா 'பூமுடி' என்று சொல்லத் துணியவில்லை. அந்த ஒரு சொல் யார் வாயிலிருந்தாவது வருமா என்றுதான் சித்தி முகம் முகமாகப் பார்த்திருக்கிறாள்.

அன்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் பூமுடி என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். அந்தக் கேள்விக்குப் பதிலாக எதையாவது செய்தவளும் நான் ஒருத்திதான்.